ரோமாபுரி ராஜாவுக்கு விழுந்த படுகளம்

அந்த அடியை அடிக்க வேண்டாம் என்று உடுக்கைக்காரர் என்னிடம் மூன்று முறை சொன்னார். முதல் முறை எடப்பாடியில், சாப்பாட்டுக் கடையில் கை கழுவும்போது. இரண்டாம் முறை மல்லசமுத்திரத்துக்கு வண்டியில் வரும் வழியில். மூன்றாம் முறை அன்று சாயங்காலம், ஜனங்கள் கொட்டகைக்குள் வந்து மணலில் உட்கார்ந்துகொண்டிருந்தபோது. மூன்று முறையும் படித்தவன் பேசுகிற பேச்சைப் பேசி அவர் வாயை அடைத்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் சாக்குச் சொல்வது போல ஆகிவிடும்.

பயாஸ்கோப் அப்போது பேசாது. படத்துக்கு நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். அதை வாசித்து, திரைக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சியுடன் நின்று, உரத்த குரலில் தமிழில் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும். நான் அந்த ஆள். ஸ்கூல் பைனல் தேறி இரண்டு வருஷம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்குமாக விண்ணப்பம் சுமந்து நடந்தேன். எந்த ஆபீசிலும் நாற்காலி கிடைக்கவில்லை. கடைசியில் ஊர் சுற்றும் கொட்டகை ஒன்றில் குச்சி கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எழுத்தறிந்தவர் கிடையாது. அப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்கு இருபது. காரியம் முடிந்த மறுநாள் நான் கிணற்றுமேட்டில் எருதுகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அண்ணன் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

"எருது ஓட்ட நானிருக்கறேன். நீ பள்ளிக்கோடம் போ. நம்மூட்டுல ஒருத்தனாச்சும் நாலு பேரு முன்னால எந்திரிச்சு நின்னு பேசோணும்."

நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுகிற வேலைதான் எனக்குக் கிடைத்தது. ஆனால் அது கொட்டகை வேலை என்பதால் அண்ணனிடம் அதைப் பற்றி அதிகம் சொல்லாமலே இருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் கையில் இருந்த படம் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவனின் கதை. அவன் பெயரை நான் எந்த ஊரிலும் சொன்னதில்லை. ரோமாபுரி ராஜா என்றால் போதும். தன்னைப் பெரிய பாடகன் என்று நினைத்துக்கொண்ட ராஜா. பெற்ற தாயைக் கொன்றவன். அவன் சபையும், பரிவாரமும், படையும் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போய், கடைசியில் அவன் ஒரு வேலைக்காரனின் வீட்டில் ஒளிந்து கத்தியால் குத்திக்கொண்டு சாகிறான். அத்துடன் படம் முடிந்துவிடும். திருச்செங்கோட்டில் ஹைஸ்கூல் படித்தபோது இவன் சரித்திரத்தை ஒரு தடித்த புஸ்தகத்தில் வாசித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதனால் புஸ்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையைக்கூட நான் சேர்ப்பதில்லை. எங்கள் முதலாளி, "ஒரு சாமியார் வந்து சாபம் விட்டார்னு போடேன், ஜனங்களுக்குப் புரியும்" என்பார். நான் மாட்டேன். பொய் சொல்லவா அண்ணன் என்னைப் படிக்க வைத்தார்?

முதலாளி சேலத்துக்காரர். அவர் கொட்டகைக்குள் நுழைந்தால் டிக்கெட் கிழிப்பவர், எஞ்சின்காரர், ஆப்பரேட்டர், சமையல்காரர் என்று எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு குடை விளக்கு. படத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர் குமாரபாளையத்தில் ஒரு நாடகக் கம்பெனியோடு போய்விட்டார். அவருக்குப் பதிலாகத்தான் முதலாளி இந்த உடுக்கைக்காரரைப் பிடித்து வந்தார். கோயில் நோம்பிகளில், அதாவது திருவிழாக்களில், ராத்திரி ராத்திரியாகக் குலதெய்வக் கதை பாடுகிறவர். மழை பொய்த்து இரண்டு வருஷமாக எந்த ஊரிலும் நோம்பி நடக்கவில்லை. அவரும் என்னைப் போலத்தான் வந்து சேர்ந்தார்.

அவருக்கு அந்த ஒரு கதையின் அடிகள்தான் தெரியும். கல்யாண அடி, குதிரை அடி, சண்டை அடி, அழுகை அடி. ரோமாபுரி ராஜா குதிரை ஏறினால் அவர் குதிரை அடி அடிப்பார். படத்துக்கு அது பொருந்தியே போனது. ஓர் அடியை மட்டும் அவர் தொடவே இல்லை.

அது என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயில்களில் அந்தக் கதை நடக்கும்போது, வீரர்கள் போர்க்களத்தில் சாகும் இடத்தில் உடுக்கை ஒரு விதமாக மாறும். அது மாறியதும் கூட்டத்தில் சில ஆண்கள் வெட்டிய மரம் போலச் சாய்வார்கள். பிணமாகவே கிடப்பார்கள். மேலே வேட்டியைப் போட்டு மூடுவார்கள். இதைப் படுகளம் விழுவது என்பார்கள். பிறகு கதையில் அந்த வீரர்களின் தங்கை வந்து அழுது, தீர்த்தம் தெளித்துச் செத்தவர்களை எழுப்புவாள். அந்த இடத்தைப் பாடித் தண்ணீர் தெளித்தால்தான் விழுந்தவர்கள் எழுவார்கள். அதுவரை அவர்களை நகர்த்தக் கூடாது. சில வீடுகளுக்கு இது வழிவழியாக வரும். எங்கள் வீட்டில் அப்பா விழுவார். அப்பாவுக்குப் பிறகு அண்ணன்.

ஹைஸ்கூலில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கூச்சமாக இருந்தது.

எடப்பாடியில் ராஜா குத்திக்கொண்டு சாகும்போது ஜனங்கள் சிரித்தார்கள். பாதிப்பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே போனார்கள். அடுத்த ஊர் மல்லசமுத்திரம். என் ஊர் அங்கிருந்து மூன்று மைல். அண்ணன் உட்கார்ந்து பார்க்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. அதற்காகத்தான் அந்த அடியைக் கேட்டேன்.

"அது சாய்க்கற அடிங்க சாமி" என்றார் உடுக்கைக்காரர். "அடிச்சா எழுப்பியாகோணும். உங்க படத்துல எழுப்ப ஆளிருக்குதுங்களா?"

"இது எங்கயோ இருக்கற ராசா கதைங்க. அவனுக்காக மல்லசமுத்திரத்துல யாருங்க உழப்போறாங்க?"

"உழறவன் ராசாவப் பாத்தா உழறான்? அடியக் கேட்டு உழறான்."

"ரெண்டே நிமிசந்தானுங்க. ராசா செத்ததும் நிறுத்திப்போடுங்க."

மூன்றாம் முறை நான் இதையே சொன்னபோது அவர் உடுக்கையின் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

அன்று காலையில் நான் ஊருக்கு நடந்து போயிருந்தேன். வழியெல்லாம் சோளக்காடுகள் வெறும் கட்டியாகக் கிடந்தன. எங்கள் கிணற்றுமேட்டில் நங்கையா கூடையில் மண் இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கிணற்றுக்குள் கடப்பாரைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அண்ணனின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது.

"யாரு, தொரை வந்தாச்சா?"

"நம்மூர்ப் பக்கம் இன்னிக்குப் படமுங்கண்ணா. நீங்க வரோணும்."

"எனக்கெதுக்குடா படம்? ஒம்பது ஆளு ஆழம் போயிட்டேன். இங்கயே பாறை படங் காட்டுது."

"நாந்தானுங்க கதை சொல்றேன்."

கடப்பாரை நின்றது.

"எந்திரிச்சு நின்னா?"

"ஆமாங்க."

"எல்லாருங் கேக்கறாப்லயா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப வாரேன்."

நங்கையா கூடையைக் கவிழ்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கிணற்றுக்குள் குனிந்து அண்ணனிடம் சொன்னார். "நானும் வாரனுங்க. ஊட்டுல வாயத் தொறக்காத புள்ள அங்க என்னத்தப் பேசுதுன்னு பாக்கோணும்."

அண்ணன் மேலே ஏறி வந்தார். போன தை மாதம் பார்த்ததற்குப் பாதி ஆளாக இருந்தார். நங்கையா சட்டியில் கம்மங்கூழ் ஊற்றிக் கொடுத்தார். "நெழல்ல உக்காந்து குடிச்சுட்டு வாரேன்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கட்டுத்தரைப் பக்கம் போனார். இரண்டு எருதுகளில் ஒன்று அந்தப் பங்குனியில் செத்துப்போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்று அங்கே படுத்திருந்தது. அண்ணன் வெறும் சட்டியோடு திரும்பி வந்தார். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

படம் இருட்டியதும் ஆரம்பித்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே ஒரு படுதா. அண்ணன் கூடாரக் கம்பத்துக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நான் குச்சியைத் தூக்கினேன். பிறகு வார்த்தை தானாக வந்தது.

ராஜா பாடுகிற காட்சி. அவன் பாடும்போது சபைக் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள், யாரும் எழுந்து போக முடியாது, தப்பிப்பதற்காகச் சிலர் செத்தது போல நடித்துப் பாடையில் வெளியே போனார்கள் என்று சொன்னேன்.

"நம்ம மணியகாரர் பஜனைக்கு அது தெரியாமப் போச்சே!" என்றார் ஒருவர். கொட்டகை சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

ஊர் பற்றி எரிந்தது. தூர தேசத்துப் படைகள் ஒவ்வொன்றாக ராஜாவுக்கு எதிராகத் திரும்பின. சபையில் இருந்தவர்கள் அப்போதும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு நடுராத்திரியில் ராஜா விழித்துக்கொள்கிறான். காவல்காரனைக் கூப்பிடுகிறான். பதில் இல்லை. சிநேகிதர்களுக்கு ஆள் அனுப்புகிறான். பதில் இல்லை. தானே போய் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறான். ஒரு கதவும் திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அவன் படுக்கையின் போர்வையைக்கூட யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டிருக்கிறார்கள்.

"நல்லா வேணும்! பெத்தவளக் கொன்ன பய!"

"போர்வையுமா எடுப்பாங்க?"

"குளுருல கெடந்தவன் எடுத்துருப்பானுங்க" என்று படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

நானும் அந்த ராஜாவை விட்டுக்கொடுத்துத்தான் பேசினேன். ஒவ்வொரு ஊரிலும் அவன் விழ விழ என் குரல் ஏறும். கெட்டவன் கெட்டுப்போவதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ராஜா வெறுங்காலோடு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நாலே பேரோடு ஓடுகிறான். முள்ளுக்குள் தவழ்கிறான். ஒரு வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே நுழையக் காத்திருக்கும்போது தாகம் தாங்கவில்லை. பக்கத்துக் குட்டையில் கையால் அள்ளிக் குடிக்கிறான்.

அந்த இடத்தில் கொட்டகை மாறியது. "ராசாவுக்கே குட்டைத் தண்ணியா" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். இரண்டு வருஷமாகக் குட்டைத் தண்ணீருக்கு நடந்தவர்கள் எல்லோரும். அண்ணனைப் பார்த்தேன். அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடி இல்லாமலே கூட்டம் என் கைக்குள் வந்துவிட்டது. ஆனால் ராஜாவைப் பிடிக்கக் குதிரைகள் வரும் காட்சி வந்ததும் உடுக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

ராஜா கத்தியைத் தொண்டையில் வைத்தான். உடுக்கை மாறியது.

முதலில் யாரோ கூடையைக் கீழே போட்டது போலத்தான் கேட்டது. பிறகு இன்னொன்று. ஆறு பேர். அண்ணன் நாலாவதாக விழுந்தார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, கம்பத்தை ஒரு முறை பிடித்து, விட்டு, நேராக முகம் குப்புற மணலில் விழுந்தார்.

"படுகளம்! படுகளம் உழுந்துட்டாங்க!" என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் எழுந்து இடம் விட்டார்கள். பெஞ்சியில் இருந்த வெளியூர் ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி குடை விளக்கைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"செத்துட்டாங்களா? ஆறு பேரா? என் கொட்டகையிலயா?"

"சாகலீங்க, இது எங்க பக்கத்து..." என்று ஆரம்பித்தேன்.

"போலீஸ் வந்தா நீ சொல்லிக்கோ!" என்றார். அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள். படம் ஓடி முடிந்து திரை வெறும் வெள்ளையாக எரிந்தது. பிறகு எஞ்சின் நின்றது. யாரோ ஒரு பெட்ரோமாக்ஸைக் கம்பத்தில் மாட்டினார்கள்.

மற்ற ஐந்து பேரும் தூங்குகிறவர்கள் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனைத் திருப்பிப் போட்டு மூக்கில் கை வைத்தேன். மூச்சு இருந்தது, ஆனால் எண்ணி எண்ணி வந்தது. கை ஐஸ் கட்டியாகக் குளிர்ந்திருந்தது. நெற்றியில் வியர்வை. நோம்பியில் விழுந்த அண்ணனை நான் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படி இருந்ததில்லை.

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று தோன்றியது. வண்டிக்காக வெளியே ஓடினேன். கொட்டகையின் இரண்டு வண்டிகளும் சந்தைத் திடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. "முதலாளி!" என்று கத்தினேன். ஆப்பரேட்டர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எஞ்சின்காரரை, டிக்கெட்காரரை, சமையல்காரரை, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டு அடுப்படி வரை ஓடினேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. உள்ளே திரும்பினால் பெஞ்சிகளின் மேல் விரித்திருந்த ஜமக்காளங்களையும் காணோம்.

உடுக்கைக்காரர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். அடி நிற்கவில்லை. மெதுவாக, ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தார்.

"தூக்குங்க, தோள்ல போட்டுட்டு நடந்தே போயிரலாம்" என்றேன்.

"நகத்தப்படாதுங்க. மத்த அஞ்சு பேர்த்தையும் யாரு தூக்குவா? அடிய நிறுத்துனா உழுந்தவங்க அப்பிடியே போயிருவாங்க. என்ற கை மரத்துப்போறதுக்குள்ள கதைய முடிங்க."

"கதை முடிஞ்சுபோச்சுங்க! ராசா செத்துப்போயிட்டான். அவ்வளவுதானுங்க படம்."

"செத்தவன நாய்க்கா போட்டாங்க? யாராச்சும் வந்துருப்பாங்கல்ல? உங்க பொஸ்தகத்துல பாருங்க."

நங்கையா படுதாவைத் தாண்டி ஓடி வந்து அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. என்னையே பார்த்தார். "சொல்லுங்க" என்றார். என்னைவிட வயதில் மூத்தவர். அன்றுதான் முதல் தடவையாக எனக்கு 'ங்க' போட்டார்.

புஸ்தகத்தில் இருந்தது. ராஜாவின் சாவுக்கு அப்புறம் ஒரு பத்தி இருந்தது. அதை எந்த ஊரிலும் நான் சொன்னதில்லை. கெட்டவனின் சாவுக்கு அப்புறம் அது எதற்கு என்று விட்டுவிடுவேன்.

வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் நின்றேன். குச்சி எங்கே போனதென்று தெரியவில்லை.

"ராசா செத்துக் கெடந்தான்" என்றேன். மேடைக்குரிய தமிழ் எனக்கு வரவில்லை. "படை இல்ல, சபை இல்ல. ஒருத்தரும் வல்ல. அப்ப மூணு பொம்பளைங்க வந்தாங்க."

"பெத்தவளக் கொன்னவனுக்கு யாரு வருவா?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார். விழுந்தவர்களில் ஒருவர் அவருடைய மகன்.

"பால் குடுத்தவங்க ரெண்டு பேரு வந்தாங்க. சின்னப் புள்ளையில அவனை வளத்தவங்க. இன்னொருத்தி, அவன் ஒரு காலத்துல ஆசை வெச்சு, அப்பறம் வேண்டாம்னு தள்ளி வெச்ச பொண்ணு. அவளும் வந்தா."

பால் கொடுத்தவர்கள் இரண்டு பேரா, ஒருத்திதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அப்போது இரண்டு என்றுதான் ஞாபகம் வந்தது.

"மூணு பேரு வரோணும்" என்றார் உடுக்கைக்காரர். நங்கையா எழுந்தார். வாசலில் பொரி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை வைத்துவிட்டு வந்தார். யாரென்று எனக்குத் தெரியாத ஒரு பெண், கையிலிருந்த குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். குடிதண்ணீர்ப் பானை காலியாக இருந்தது. மணல் நனைக்க வைத்திருந்த பீப்பாயின் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதைச் சொம்பில் மொண்டார்கள்.

"வெள்ளைத் துணி போத்துனாங்க. அழுதாங்க. அவன் கல்லறையில வெகுநாள் வரைக்கும் யாரோ பூ வெச்சுட்டுப் போனாங்க. அந்த ஊர்ச் சனங்க பல பேரு அவன் சாகவே இல்லேன்னு சொன்னாங்க. திரும்பி வருவான்னு காத்துக்கிட்டிருந்தாங்க. நாந்தான் அந்த ராசான்னு ஒருத்தன் வந்தான், அப்பறம் இன்னொருத்தன் வந்தான்."

"எந்திரிச்சானா, இல்லையா?" என்றார் கிழவர்.

"எந்திரிச்சான்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"அந்தச் சனங்க."

"அது போதுமுங்க" என்றார் உடுக்கைக்காரர். அடி மாறியது. மூன்று பெண்களும் தண்ணீர் தெளித்துக்கொண்டே நடந்தார்கள்.

முதலில் கிழவரின் மகன் கண்ணைத் திறந்தார். தலைத்துண்டைத் தேடினார். இன்னொருவர் எழுந்து, ஏன் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டு மண்ணைத் தட்டிக்கொண்டார். ஐந்து பேரும் எழுந்தார்கள்.

அண்ணன் எழவில்லை.

நங்கையா இரண்டாம் முறை தெளித்தார். மூன்றாம் முறை சொம்பைக் கவிழ்த்து முகத்திலேயே விட்டார். தண்ணீர் காதோரமாக வழிந்து மணலுக்குள் போனது.

"ஏனுங்க! ஏனுங்க, எந்திரீங்க!" அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "கூழ எருதுக்கு ஊத்திப்போட்டாருங்க. இன்னிக்கும் ஊத்திப்போட்டாரு, நேத்தும் ஊத்திப்போட்டாரு. நாம் பாத்துட்டேன். கேட்டா, எருது போச்சுன்னா தண்ணி வந்து என்ன பண்றதுங்கறாரு. வவுத்துல ஒண்ணுமில்லீங்க!"

பொரிக்கார அம்மாள் கூடைக்கு அடியிலிருந்து வெல்லக் கட்டியை எடுத்தார். அடுப்பில் கொதித்த சோற்றின் கஞ்சியை வடித்து அதில் வெல்லத்தைக் கரைத்தார்கள். உதட்டைப் பிரித்து விரலால் விட்டார்கள். கிழவரின் மகன் உள்ளங்காலைத் தேய்த்தார். உடுக்கைக்காரர் அடியை நிறுத்தவில்லை. அவர் விரலில் தோல் கிழிந்து ரத்தம் உடுக்கையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"சொல்லுங்க சாமி, நிறுத்தாதீங்க!"

புஸ்தகம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு வரி இல்லை. ஆனால் நான் நிறுத்தவில்லை. "எந்திரிச்ச ராசா நடந்தான்" என்றேன். "இனிமே பாட மாட்டேன்னு சொன்னான். பெத்தவ கால்ல உழுந்து அழுதான். அவ மன்னிச்சா." செத்துப்போனவள் எப்படி மன்னிப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. "அப்பறம் தெக்க நடந்தான், நடந்தான். ஒரு குடியானவனூட்டுல தண்ணி கேட்டான். இல்லேன்னாங்க. மழையில்ல, கெணறு வத்திப்போச்சுன்னாங்க. சரி, கடப்பாரை குடுங்கன்னான். கெணத்துல எறங்குனான். பாறை. ஒடைச்சான். இன்னொரு பாறை. அதையும் ஒடைச்சான். ஊரே மேட்டுல நின்னு பாத்துச்சு. ஒரு நா கடப்பாரை எறங்குன எடத்துல ஈரம் தெரிஞ்சுது. அடுத்த நா தண்ணி வந்துருச்சு. ஊத்துத் தண்ணி. பனியாட்டச் சில்லுனு, குபுகுபுன்னு, அவன் முழங்கால் வரைக்கும்..."

அண்ணனின் உதடு அசைந்தது. நங்கையா குனிந்து காதை வைத்தார். நான் ஓடிப் போய் மண்டியிட்டேன்.

கண் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எத்தன ஆளு ஆழத்துலடா?"

"என்னங்கண்ணா?"

"தண்ணி. எத்தன ஆளு ஆழத்துல வந்துச்சு?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குரல் மறுபடியும் உள்ளே போய்விடும் என்று பயந்தேன்.

"பதினோரு ஆளு ஆழத்துலீங்க."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "இன்னும் ரெண்டு ஆளுதான்" என்றார். பிறகு கஞ்சியைத் தானே கையில் வாங்கி, உள்ளங்கையால் அள்ளி அள்ளிக் குடித்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கொட்டகையை அந்த ஊர்க்காரர்களே பிரித்துப் போட்டார்கள். நாலு நாள் கழித்து முதலாளியின் ஆள் வந்து ஏற்றிக்கொண்டு போனான். உடுக்கைக்காரர் ஒரு மாதம் கை வைத்தியத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அண்ணனால் கடப்பாரை தூக்க முடியவில்லை. நாலு அடி நடந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். அதனால் கிணற்றுக்குள் நான் இறங்கினேன். முதல் வாரம் உள்ளங்கை முழுவதும் கொப்புளம். பேனா பிடித்த கை என்று நங்கையா வேப்பெண்ணெய் தடவி விட்டார். எருது இன்னும் உயிரோடிருக்கிறது. அண்ணன் மேட்டில் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தினமும் பொழுது சாயும்போது கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"எவ்வளவு ஆச்சுடா?"

நான் அளந்து சொல்வேன்.

"வந்துரும். பொஸ்தகத்துலயே இருக்குதல்ல" என்பார். பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறார். "எங்க தம்பி படிச்சிருக்கறான், பதினோரு ஆளுல தண்ணி உண்டு" என்று. அவர்களில் இரண்டு பேர் தங்கள் கிணற்றிலும் இறங்கிவிட்டார்கள்.

அது புஸ்தகத்தில் இல்லை, நான் சொன்ன பொய் என்று சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை கூழைத் தானே குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறையும் மூடிக்கொண்டேன்.

பத்தரை ஆள் ஆழம் வந்தாகிவிட்டது. இன்று காலை வரைக்கும் கடப்பாரை நுனி உலர்ந்துதான் வருகிறது.